ஊகமும் உறுதியும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உழவர் சருகை எரித்ததே காரணம் என்றனர் சிலர். பயணிகளே தீமூட்டினர் என்றனர் வேறு சிலர். அம்மலையைக் கண்டறியாத செங்கற்பட்டுக் கடைத்தெருவிலும் மாமல்லபுரக் கரையிலும் இத்தீர்ப்புகளைக் கேட்டோம்.

அரபியில் ‘ளன்’ என்னும் ஒரே சொல் ஊகத்தையும் உறுதியையும் குறிக்கும். இடம் நோக்கியே பொருள் கொள்வர். மக்கள் நாவிலோ, நாள் செல்லச் செல்ல ஊகமே உறுதியாகிவிடுகிறது.

காய்ந்த புல்லில், காற்றின் துணையோடு, தீ சரிவேறி விரைந்து பாயும் என்பது ஐயமற்ற செய்தி. அவ்வாண்டிலேயே மலை நடைப்பயணத்திற்கு அரசு விதிகள் வகுத்தது. அவற்றைப் பேணுவோம். முதற்பொறி இட்ட கையைத் தேடும் ஊகத்தால், எளிய மலைவாழ்நரையும் மறுமொழி கூறவியலா மாண்டோரையும் பழியாதிருப்போம்.