தலைகீழ் வயர்

2020, பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த நேரம். நாயாற்றில் எங்கட வீட்டுக்குள்ள கவரேஜ் இல்லை. நீட்டு வயர் பூட்டி டொங்கிளைக் கூரையில கட்டினால் லப்டொப்பில மட்டும் இணையம் ஓடும். தங்கச்சியின்ர பாடங்களோ அம்மாவின்ர போன் வட்ஸ்அப்பில. அந்தப் போனில வைஃபை பழுது. வட்ஸ்அப் வெப்பும் அப்ப போனில இணையம் இருந்தால்தான் வேலை செய்யும்.

போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுப்பது டெதரிங். அதையும் அதன் பெயரையும் தலைகீழாக்கி 2017இல் வந்த இலவச மென்பொருள்தான் 'ஜினிரெத்தெட்'. கணினியில் அதை ஓடவிட்டு, போனில் யூ.எஸ்.பி டிபக்கிங்கை அனுமதிக்க வேணும். ரூட் தேவையில்லை.

இரவு முழுக்க மினக்கெட்டேன். விடியப்புறம் ஒரு கிழமைப் பாடங்கள் ஒண்டாய் வந்து விழுந்தன. நடுவில ரீச்சரின் குரல்: "ஏன் பிள்ளை வாறேல்ல?"

தங்கச்சி அழுதாள். "முதல்ல மறுமொழி போடு" எண்டா அம்மா.