சகன் தட்டும் பள்ளி வேனும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நன்கொடை விருந்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதி, கோயில் திருப்பணி, சிறுநீரக சுத்திகரிப்பு மையம் என்று ஏதாவது ஒன்றுக்கு யாராவது மேசை விற்றுக்கொண்டே இருப்பார்கள். மேசைக்குப் பத்துப் பேர். மேடைக்குப் பக்கத்தில் என்றால் விலை கூடுதல். மக்கள் பிரதிநிதியான ஒய்.பி. வந்து சேரும்வரை சோறு வராது. இதெல்லாம் பழகிப்போன எனக்கு, அரபுப் பண்பாட்டு விருந்து என்று அழைப்பு வந்தபோது கொஞ்சம் ஆசை தட்டியது உண்மை. திரட்டும் பணம் அகதிப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு என்றார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பக்கம்தான், போனேன்.

வாசலிலேயே அகில் புகை. உள்ளே கூஃபி எழுத்தில் வரைந்த சட்டங்கள், வெள்ளி நகைகள், பேரீச்சம்பழத் தட்டுகள். மேடையில் பேசியவர், மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் கராவியீன் பள்ளிவாசலை 859இல் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் கட்டியதாக வழங்கும் மரபைச் சொன்னார். பெண் கல்வி மேடைகளில் இவர் பெயர் வராமல் இருப்பதில்லை. நல்ல பெயர்தான். ஆனால் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய பெண்ணைப் புகழ்வதில் ஒரு வசதி இருக்கிறது, அவருக்கு நாம் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பிறகு மந்தி வந்தது. ஏமனின் ஹத்ரமவுத் பகுதிச் சமையல். குழி அடுப்பில் அரிசிக்கு மேலே ஆட்டுக்கறியைத் தொங்கவிட்டு மூடிவிடுவார்கள். கறி வெந்து சொட்டும் நெய்யும் சாறும் கீழே இருக்கும் சோற்றில் இறங்கும். எங்கள் மேசைக்குப் பெரிய வட்டத் தட்டில் மலைபோல் வைத்தார்கள். மேலே உலர் திராட்சை, ஓரத்தில் தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்த சஹாவிக். ஆளுக்கொரு தட்டும் கரண்டியும் இருந்தும், கிள்ளானிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பெரிய தட்டிலேயே தம் பக்கத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

“என்ன தம்பி பார்க்கிறீங்க? இது எங்க ஊரு சகன்தானே. வாங்க, கை வைங்க.”

அவருடைய பூர்வீகம் கீழக்கரை. அங்கும் காயல்பட்டினத்திலும் கல்யாண வீட்டில் இன்றும் சகன் தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிடுவார்கள். காயலில் என்றால் நெய்ச்சோறும் களறிக் கறியும். ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் காயல் துறைக்குக் குதிரைக் கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். கப்பலில் குதிரை மட்டுமா வந்திருக்கும்?

அந்த அம்மா சொன்ன இன்னொன்றுதான் விருந்து முடிந்தும் மனத்தை விடவில்லை. அவருடைய பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்ல; தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு கிதாபு எடுத்து வைத்துக்கொண்டு, தெருப் பெண்களுக்குத் தமிழில் வாசிப்பாராம். அது அரபுத் தமிழ். மலாய்க்காரர்கள் ஜாவியில் செய்ததுபோல, அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்து எழுத்து உண்டாக்கிக்கொண்டு தமிழை எழுதினார்கள். குர்ஆன் ஓத அரபு எழுத்து படித்த பெண்பிள்ளைக்கு அதே எழுத்தில் தமிழும் வாசிக்கக் கிடைத்தது. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா அந்த எழுத்தில் ஞானப் பாடல்களே எழுதினார். இலங்கையில் கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

ஆனால் அந்தப் பாட்டி அரசாங்கக் காகிதம் எதிலும் கைநாட்டுதான் வைத்திருப்பார். வீட்டுக்குள் வாசிக்கத் தெரிந்தது அவருக்கு வெளியே ஒரு வேலையையோ, ஒரு கையெழுத்தையோ தரவில்லை. சித்திலெவ்வைக்கு அது தெரிந்திருந்தது. பத்திரிகையோடு நிற்காமல் கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளியும் திறந்தார். கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது 1988இல்.

இங்கே, மலேசியாவில், அந்த விருந்து மேடையில் ஏறிப் பாடிய அகதிச் சிறுமிகளின் நிலை அந்தப் பாட்டியின் நிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. (அவர்களைப் பாடவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. உதவி பெறுகிறவர் நன்றி காட்ட மேடையேற வேண்டும் என்ற வழக்கம் எப்போது ஒழியுமோ.) 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். ஏமன், சிரியா, சோமாலியா மக்களும் உண்டு, நம் இலங்கைத் தமிழரும் உண்டு. இவர்களுடைய பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. கடைவீட்டு மாடிகளில் நடக்கும் கற்றல் மையங்கள்தான் கதி.

தொடக்க வகுப்பில் பெண்பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் நாற்காலி காலியாகிறது. அம்மா உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? மையம் தூரமென்றால் வழியில் போலீஸ் நிறுத்துவார்களோ என்ற பயம் வேறு. தோட்டத்தில் பிறந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆயாக் கொட்டகையில் இடம் பற்றாமலோ, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ, தாய் பால்மரம் வெட்டப் போனபோது படிப்பை விட்டது மூத்த மகள்தான். நம் வீடுகளில் ‘மூணாவது வரைக்கும் படிச்சேன்’ என்று சொல்லும் பெரியம்மாக்கள் எத்தனை பேர்!

ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியதன் பட்டியல் மிகச் சாதாரணமானது: வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் பள்ளி வேன், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், ஐஜிசிஎஸ்இ மாதிரியான தேர்வுக்குப் பாடம் பாடமாகக் கட்ட வேண்டிய கட்டணம், மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆசிரியை. இவற்றில் எதையும் பெரிய மாதிரிக் காசோலையாக அட்டையில் அடித்து மேடையில் பிடித்துப் படமெடுக்க முடியாது. ஒரு மாலைப் பணம் ஒரு தவணைக்குப் போதும். பிள்ளை வளர்வது பல வருடம்.

விருந்தே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தச் சகன் இல்லாவிட்டால் அந்த அம்மாவும் நானும் பேசியிருக்கவே மாட்டோம். அடுத்த முறை இப்படி ஓர் அழைப்பு உங்கள் கைக்கு வந்தால், மேசையை வாங்குங்கள். வாங்கும்போதே ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மண்டபச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? போன வருடம் படித்த பெண்பிள்ளைகளில் இந்த வருடம் எத்தனை பேர் தொடர்கிறார்கள்? பள்ளி வேனுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘யாரும் இல்லை’ என்று பதில் வந்தால், மாதா மாதம் அதை நீங்களே கட்டுங்கள்.