தாளுக்கு ஏது மூல நிரல்?

பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதிப் பொதுவில் வைத்தேன். கூடவே அதற்கொரு கையேடு. இரண்டுக்கும் சேர்த்து, மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன்.

கையேட்டை அச்சடித்துப் பயிற்சி வகுப்பில் கொடுக்க நினைத்த நண்பர் போன் செய்தார். "அண்ணே, மூல நிரலையும் தரணும்னு இதுல இருக்கே. தாளுக்கு ஏதுண்ணே மூல நிரல்?"

என்னிடம் பதில் இல்லை.

பொருந்தாத உரிமத்தால் விக்கிப்பீடியாவே பட்டுத் தெளிந்ததுதான். மென்பொருள் கையேடுகளுக்காக உருவான குனூ ஆவண உரிமத்தில்தான் முதலில் இருந்தது. அதன்படி இரண்டு பக்கக் கட்டுரையை அச்சிட்டாலும் உரிமத்தின் முழு வாசகத்தையும் வாலாகச் சேர்க்க வேண்டும். 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் உரிமத்துக்கு மாறினார்கள். அந்த அமைப்போ தன் உரிமங்களை மென்பொருளுக்குப் போடவேண்டாம் என்கிறது. மூல நிரலைப் பகிர்வது பற்றி அவற்றில் பேச்சே இல்லை.

கையேட்டின் உரிமத்தில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று சேர்க்க எனக்கும் ஆசை வந்தது. இருபது ரூபாய்க்கு விற்கும் சிற்றிதழும் அதில் மாட்டிக்கொள்ளும். விக்கிப்பீடியாவும் அப்படிப்பட்ட உரையை எடுத்துக்கொள்ளாது. விட்டுவிட்டேன்.

இப்போது நிரல் ஜிபிஎல் 3இல், கையேடு கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0இல். கையேட்டை அச்சடியுங்கள், விற்கவும் செய்யுங்கள். என் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடுங்கள். திருத்தினால் அதைச் சொல்லிவிட்டு அதே உரிமத்தில் வெளியிடுங்கள்.