காந்தத்தில் ஒட்டும் ரூபாய்

உண்டியலை உடைத்து ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். 1980களின் ஒரு ரூபாய் அசையாது. 1992க்குப் பிறகு வந்த குட்டி ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். முன்னது செம்பும் நிக்கலும், பின்னது எஃகு.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நாணயக் கதை புதிதில்லை. சமஸ்தானத்துக்கென்றே செம்பில் அம்மன் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 1948ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அதன் காலம் முடிந்தது. பிறகு வந்த நயா பைசாவும் 1957ல் வெண்கலம்தான். 1965ல் அது முக்கால் கிராம் அலுமினியமாக இளைத்துப் போனது!

ஏன் இந்த இளைப்பு? காமர்ஸ் படிப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போடலாம். பழைய 5 ரூபாய் 9 கிராம். அதில் கால் பங்கு, அதாவது 2.25 கிராம், நிக்கல். 2007 மே மாதம் நிக்கல் டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டியது. டாலர் 41 ரூபாய் என்று வைத்தால் நிக்கல் மட்டுமே நாலரை ரூபாய்! மீதி 6.75 கிராம் செம்பையும் சேர்த்தால் 5 ரூபாய் எங்கேயோ போய்விடுகிறது. உருக்குகிறவனுக்கு லாபம், அச்சடிக்கிற அரசுக்கு நஷ்டம். அந்த வருடமே 6 கிராம் எஃகில் 5 ரூபாய் வந்ததை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

ரஷ்யாவும் தப்பவில்லை. 2009ல் அங்கே 1, 2, 5 ரூபிள்கள் நிக்கல் பூசிய எஃகுக்கு மாறின. அவையும் காந்தத்தில் ஒட்டும்.

பழைய 5 ரூபாய் கிடைத்தால் உருக்கிவிடாதீர்கள். 2011 நாணயச் சட்டப்படி ஏழு வருடம் வரை உள்ளே போகலாம்.