அடுத்த தூரம்

அப்பாவின் வலக்காலைச் சர்க்கரை நோய் கொண்டுபோனது. என் குருதியிலும் அது எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் சொன்னபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அன்றுமுதல் தஞ்சைப் புது ஆற்றங்கரையில் ஓடுகிறேன். ஓராண்டுக்குப் பின், சென்ற மாதம் பத்து கிலோமீட்டரை நிற்காமல் முடித்தேன். அடுத்து என்ன?

சனவரியில் சென்னை மாரத்தான். இடையில் நான்கே மாதங்கள். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர், முழுமை 42.195. மனம் முழுமையையே நாடியது. 'அரை' என்று சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் முழுமைக்கு முப்பது கிலோமீட்டர் பயிற்சி ஓட்டங்கள் வேண்டும். எனக்கிருப்பதோ வகுப்புக்கு முந்தைய காலைகள் நான்கும், அவ்வப்போது முனகும் இடது முழங்காலும்.

அப்போது 2012 நினைவுக்கு வந்தது. வழக்கமாகச் சூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை அவ்வாண்டு செப்டம்பரில்தான் திறந்தது. எப்போதும் 155 நாளுக்கு மேல் நிற்கும் பொன்மணியை விதைக்கும் அப்பா, 135 நாளில் விளையும் ஆடுதுறை 46-ஐ விதைத்தார். ஏனென்று கேட்டேன்.

"இருக்கற தண்ணிக்கு நெல்லைப் பாக்கணும்ப்பா. நெல்லை முடிவு பண்ணிட்டுத் தண்ணியைத் தேடக் கூடாது."

அவ்வாண்டு முழு விளைச்சல் இல்லை. ஆயினும் களத்துக்கு நெல் வந்தது.

அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கால்கள் இருந்தால் முழுமைக்கு இன்னொரு சனவரி வரும்.