சீரிஸ்ல போட்டுப் பாரு

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். அவற்றில் மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று வயிறு திறந்து கிடக்கும் பழைய வால்வு ரேடியோக்கள். நடுநடுவே அதிராம்பட்டினத்துக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டுவந்த பளபளப்பான டூ-இன்-ஒன்கள். ஈயம் உருகிப் பற்றும்போது எழும் புகைக்கு ஒரு வாசனை உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வாசனைக்காகவே அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கடைக்காரர் எனக்கு மாமா. உறவு ஒன்றுமில்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

மாமாவிடம் நான் முதலில் கற்றுக்கொண்டது பயம். வால்வு செட்டுக்குள்ளே 250 வோல்ட் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். மாமா ஸ்க்ரூ டிரைவர் முனையால் கண்டன்சரின் காலைச் சேசிஸோடு சேர்த்துத் தொடுவார். 'டப்' என்று ஒரு பொறி பறக்கும். அதன் பிறகுதான் கை வைப்பார். கரண்ட் ஓடும் செட்டில் வேலை என்றால் இடது கை சட்டைப் பைக்குள் போய்விடும். "ரெண்டு கையாலயும் தொட்டியன்னா கரண்ட்டு நெஞ்சு வழியாப் போகும். ஒரு கைன்னா ஒதறிட்டு எந்திரிச்சிடலாம்" என்பார்.

அடுத்தது சீரிஸ் பல்பு. மேசை ஓரத்தில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு எப்போதும் தொங்கும். பழுதென்று வரும் எந்த செட்டையும் நேராக மெயினில் செருகமாட்டார், அந்த பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பிக்கும். ஒழுங்கான செட் என்றால் ஒரு முறை மினுக்கிவிட்டு மங்கிவிடும்.

கடையில் ரேடியோவைவிட மனிதர்கள்தான் அதிகம் சூடானார்கள். பீரங்கிப் படையில் 1965 சண்டையைப் பார்த்து ஓய்வுபெற்ற மிலிட்டரி தாத்தா, பக்கத்துக் கடை டெய்லர் பாய், பாங்க் சார் என்று சாயங்காலமானால் பெஞ்சு நிறைந்துவிடும். யாராவது புதுச் செய்தியோடு மூச்சிரைக்க வந்தால் மாமா தலை நிமிராமலே, "சீரிஸ்ல போட்டுப் பாருய்யா" என்பார். இன்னொரு ஸ்டேஷனும் அதைச் சொல்லட்டும், அப்புறம் நம்பலாம் என்று பொருள். அதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம், பாதிக் கோபமும் அடங்கிவிடும்.

பாங்க் சாருக்குக் கம்ப்யூட்டர் மேல் தீராத கோபம். "ஒரு பெட்டி வந்தா பத்து குமாஸ்தா வீட்டுக்குப் போவான்" என்பார். "ட்ரான்சிஸ்டர் வந்தப்ப வால்வு மெக்கானிக் ஒழிஞ்சான்னாங்க சார். இப்ப ரெண்டையும் நான்தான் பாக்குறேன்" என்பார் மாமா. சார் சங்கத்தில் இருந்தவர், விடமாட்டார். எது சரி என்று அன்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசியவரின் டீக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதுதான் பெரியமனுஷத்தனம் என்று தெரிந்துகொண்டேன்.

1985 மே மாதம் டெல்லியிலும் வடக்கே வேறு சில ஊர்களிலும் ட்ரான்சிஸ்டர் ரேடியோக்களுக்குள் மறைத்துவைத்த குண்டுகள் வெடித்தன. கேட்பாரற்றுக் கிடந்த செட்டை எடுத்துப் பாடுகிறதா என்று முடுக்கிப் பார்த்தவர்கள் செத்தார்கள். அநாமத்தாகக் கிடக்கும் எந்தப் பொருளையும் தொடவேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. டெல்லி எங்கே, பட்டுக்கோட்டை எங்கே! ஆனாலும் பயம் வந்துசேர்ந்தது. கையில் ட்ரான்சிஸ்டரோடு பஸ் ஏறுகிறவர்களைப் பக்கத்து சீட்காரர் ஒரு தினுசாகப் பார்த்தார்.

அந்த நாட்களில் ஒரு கண்டக்டர், சீட்டில் யாரோ விட்டுப்போனதாக ஒரு சின்ன ட்ரான்சிஸ்டரைக் கொண்டுவந்து மாமாவின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெஞ்சு ஒரே நொடியில் காலி. டெய்லர் பாய் கையில் அளவு நாடாவோடு தெருவில் நின்றார். மிலிட்டரி தாத்தா மட்டும் வாசலில் நின்று, "எவனும் கிட்டப் போகாதே" என்று உத்தரவு போட்டார். மாமா பல்பைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார். "பேட்டரி செட்டுய்யா இது. சீரிஸ்லயும் போட முடியாதே" என்றார். தகவல் போய் வந்த போலீஸ்காரரும் எதிர்ச்சாரியிலேயே நின்றுகொண்டார். அப்போது அடுத்த பஸ்ஸில் ஒரு ஆச்சி வந்து இறங்கினார். "எம் பொட்டிய எவன்டா எடுத்தது?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், யாரும் தடுப்பதற்குள் திருகினார். நாதசுரம் வந்தது. எங்கள் ஊருக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

எனக்கு ரேடியோ பைத்தியம் முற்றியதும் அந்தக் கடையில்தான். சிற்றலையில் 25 மீட்டர், 31 மீட்டர், 49 மீட்டர் என்று முள்ளை நூலளவு நகர்த்தினால் நாடுகள் மாறும். மணிலாவிலிருந்து வேரித்தாஸ், மாஸ்கோ, பெய்ஜிங் எல்லாம் தமிழ் பேசின. கேட்டதை எழுதி அனுப்பினால் வண்ண அட்டை வரும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒலியின் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடவேண்டும். பெய்ஜிங் அட்டையைக் காட்டியபோது மிலிட்டரி தாத்தாவின் மீசை துடித்தது. "அறுவத்திரெண்டுல நம்ம மேல வந்தவன்கிட்ட கார்டு வாங்குறியாடா?" மாமாதான் காப்பாற்றினார். "சண்டை போட்டது சர்க்காருங்கய்யா. பாட்டு கேக்குறது புள்ள."

வீட்டில் அம்மாவுக்கும் இது பிடிக்கவில்லை. திருகிக்கொண்டே இருப்பது ஒரு பொழுதுபோக்கா என்று கேட்பார். மாமா எனக்குக் கொடுத்த பதில் ராஜீவ் காந்தி. அன்றைய பிரதமர் ஹாம் ரேடியோக்காரர், அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி. அதை அம்மாவிடம் ஒப்பித்தேன். "அவரு பரிச்சையெல்லாம் எழுதி முடிச்சிட்டாரு" என்றார் அம்மா.

1987 ஜூன் 3ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் மூட்டைகளைப் போட்டன. அன்று இரவு கடையில் ஒரே நேரத்தில் பல செட்டுகள் ஓடின. டெல்லிக்கு அது மனிதாபிமான உதவி. கொழும்புக்கு இறையாண்மை மீறல். ஒன்பது மணிக்கு மேல் பி.பி.சி. தமிழோசை இரண்டு தரப்பையும் சொன்னது. நடந்தது ஒன்று, கேட்டது மூன்று. எது பொய் என்று கேட்டேன். "எதுவும் பொய்யில்ல தம்பி. யாரு எங்க நின்னு பேசுறான்னு பாரு" என்றார் மாமா. அன்று பெஞ்சில் எல்லோருக்கும் விமானப்படை மேல் பெருமை. ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்தது, இந்திய அமைதிப்படை போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டதும் அதே பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. ஜூனில் கை தட்டியவர்களில் சிலர் தலை குனிந்து டீ குடித்தார்கள்.

அந்த வருஷம் ஏப்ரலிலேயே தொடங்கி, முடியாமல் இழுத்தது போஃபர்ஸ். 410 பீரங்கிகள், 1,437 கோடி ரூபாய் ஒப்பந்தம், அதில் லஞ்சம் என்று முதலில் சொன்னது ஸ்வீடன் நாட்டு வானொலி. மாமாவுக்கு அதில் தொழில் பெருமை. "பத்திரிகை இல்லய்யா, ரேடியோ!" நான் ஸ்வீடனைப் பிடிக்கச் சிற்றலை முழுவதும் துழாவினேன், கிடைத்ததெல்லாம் இரைச்சல்தான். தாத்தாவுக்கு ஒரே கட்சி, பீரங்கி. "நாங்க சுட்டது இருவத்தஞ்சு பவுண்டர். பன்னெண்டு கிலோமீட்டர் போனா பெரிசு. இது முப்பது போகும், சுட்டுட்டு தானே நகந்து ஒளியும். நல்ல சாமான் தம்பி." மாமா ஒத்துக்கொள்வார். "சாமான் நல்லதுன்னா எதுக்குய்யா கமிஷன்?" இதற்குத் தாத்தாவிடம் பதில் கிடையாது. பீரங்கி மோசம் என்று சொல்ல மாமாவும் ஆளில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

1989 தேர்தலில் போஃபர்ஸ் நாடெங்கும் பேச்சாக இருந்தது, ராஜீவ் ஆட்சி போனது. தமிழ்நாட்டில் மட்டும் காங்கிரஸ் – அ.தி.மு.க. கூட்டணி 39இல் 38 இடங்களை அள்ளியது. இரண்டு வருஷம் தொண்டை வறளப் பேசியதெல்லாம் நம் ஊர் ஓட்டுப் பெட்டிக்குக் கேட்கவே இல்லையா என்று பாங்க் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

1999இல் கார்கில் சண்டை. மலை உச்சிகளை மீட்டதில் போஃபர்ஸ் பீரங்கிக்குப் பெரிய பங்கு என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. விடுமுறைக்குப் போயிருந்த நான் கடைக்குப் போனேன். ரேடியோக்கள் போய் டி.வி.க்கள் வயிறு திறந்து கிடந்தன. குண்டு பல்பு மட்டும் அதே இடத்தில் இருந்தது. மிலிட்டரி தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மடித்த பேப்பரை மேசையில் போட்டார்.

"பன்னெண்டு வருஷம் உன் சீரிஸ்ல போட்டாச்சு. இப்ப என்ன சொல்ற?"

மாமா முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பீரங்கி தேறிடுச்சுங்கய்யா. லஞ்சம்னு சொன்ன அறுவத்திநாலு கோடி எங்க போச்சு, அதச் சொல்லுங்க."

"அதை நீ கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுத் தாத்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா அவருக்கும் சேர்த்து டீ சொன்னார்.