கொம்பு வைத்த பஸ்

எங்கள் தாத்தா வாலிபத்தில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படிப் போனார்கள். அங்கே 1953 முதல் 1964 வரை டிராலி பஸ் ஓடியது. "தலையில ரெண்டு கொம்பு வச்ச பஸ்ஸுடே. சத்தமே கெடையாது. பின்னால வந்து நிக்கதே தெரியாது" என்பார். வளைவில் கொம்பு கம்பியை விட்டு நழுவிவிடுமாம். கண்டக்டர் இறங்கி, நீளமான கழியால் கொம்பை இழுத்து மறுபடி மாட்டும்வரை பஸ் நடுரோட்டில் நிற்கும். அந்தக் கழியைப் பற்றிப் பேசினால் தாத்தாவுக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அது ஏன் இரண்டு கொம்பு? டிராமுக்கு ஒரு கம்பி போதும்; மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். பஸ்ஸுக்கு ரப்பர் டயர். அதனால் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. கம்பியை விட்டால் அவ்வளவுதான், அசையாது. இதற்காகவே லண்டன் டிராலி பஸ்களில் 1930களிலேயே பேட்டரி வைத்தார்கள். நடக்கிற வேகத்தில் கொஞ்ச தூரம் ஊர்ந்து போகலாம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் டெல்லியில் 1935இல் டிராலி பஸ் வந்தது. பம்பாயில் 1962 முதல் 1971 வரை ஓடியது. பிறகு எல்லா இடத்திலும் கம்பியைக் கழற்றிவிட்டு டீசலுக்குப் போய்விட்டார்கள். அது அவசரப்பட்டுச் செய்த காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது சென்னையில் 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்களை விட்டார்கள். எல்லாம் பேட்டரி. அந்த வண்டியின் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான். எடையும் அதிகம், அதையும் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால்? பெய்ஜிங்கில் அப்படித்தான் செய்கிறார்கள். கம்பி இருக்கும் தெருவில் ஓடிக்கொண்டே பேட்டரியை ஏற்றிக்கொள்ளும். கம்பி கட்டாத பெரிய சாலை வந்தால் கொம்பை இறக்கிவிட்டு பேட்டரியில் போகும். சின்ன பேட்டரியே போதும், மணிக்கணக்கில் சார்ஜ் போட நிறுத்தவும் வேண்டாம்.

நம்ம டவுன் – ஜங்ஷன் – பாளையங்கோட்டை ரூட்டை நினைத்துப் பாருங்கள். பஸ் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டே இருக்கிறது. கம்பி கட்டினால் சும்மா கிடக்காது. ஆனால் ரதவீதியில் எப்படிக் கட்டுவது? ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வரும் உயரத்துக்குக் கம்பி தாங்குமா? அங்கே வேண்டவே வேண்டாம், பேட்டரியில் ஒரு சுற்று வந்துவிடலாம். சுலோச்சனா முதலியார் பாலத்திலும் அப்படியே. 1843இல் திறந்த பாலத்தில் கம்பம் நட யாருக்கு மனசு வரும்? ஈரடுக்கு மேம்பாலத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏறும்போது மின்சாரம் நிறைய இழுக்கும், ஆனால் கீழே ரயில் பாதையில் வேறு மின்கம்பி ஓடுகிறது. பாலத்துக்கு முன்பே கொம்பை இறக்கி, பேட்டரியில் ஏறிவிடலாம். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, செலவானதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கழியோடு கண்டக்டர் இறங்கி ஓட வேண்டியதில்லை.